30,000 ரூபாயில் எலெக்ட்ரிக் கிட்டார்: எந்தப் பிராண்டை நம்பி வாங்கலாம்?

கோத்தகிரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறார், சில ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்து வருகிறார், இப்போது எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாற ஆசைப்படுகிறார். கையில் இருப்பது 30,000 ரூபாய். ஃபெண்டர், கிப்சன், இபனெஸ், யமஹா என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்வதால் குழப்பமாக இருக்கிறது. எதை வாங்குவது, ஏன் என்று விளக்க முடியுமா? குன்னூரில் கிட்டார் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் தேவைக்கும் உங்கள் தொகைக்கும் நம் மலையின் தட்பவெப்பத்துக்கும் யமஹா பசிஃபிக்கா வரிசைதான் என் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் கோர்ட், அதற்கடுத்து ஸ்குவையர். எபிஃபோனை வாங்குவதானால் நல்ல உறைப்பெட்டியோடு வாங்க வேண்டும். இபனெஸ், கனமான ராக், மெட்டல் வாசிக்கிறவருக்கு உகந்தது. ஆனால் இந்த வரிசையைவிட முக்கியமானது, ஒரே பிராண்டின் ஒரே மாதிரியில் நீங்கள் கையில் எடுக்கும் அந்தக் குறிப்பிட்ட கிட்டார் எப்படி இருக்கிறது என்பது. மலிவு விலைக் கிட்டார்களில் பெயருக்குப் பெயர் இருக்கும் வேறுபாட்டைக் காட்டிலும், ஒன்றுக்கும் அதன் பக்கத்தில் தொங்கும் இன்னொன்றுக்கும் இருக்கும் வேறுபாடு பல நேரங்களில் அதிகம்.

ஏனென்றால் தலையில் எழுதியிருக்கும் பெயரும் கிட்டாரைச் செய்த கையும் இன்று வேறு வேறு. அமெரிக்க ஃபெண்டர், அமெரிக்க கிப்சன் ஆகிய இரண்டும் உங்கள் தொகையைப் போலப் பல மடங்கு விலையுள்ளவை. அவற்றை இந்தப் பேச்சிலிருந்தே விலக்கிவிடலாம். ஃபெண்டர் நிறுவனம் 1965-இல் ஸ்குவையர் என்ற பழைய தந்தி நிறுவனத்தை வாங்கி, 1982 முதல் அந்தப் பெயரில் குறைந்த விலைக் கிட்டார்களை விற்கிறது. எபிஃபோன் ஒரு காலத்தில் கிப்சனுக்குப் போட்டியாக இருந்த நியூயார்க் நிறுவனம்; 1957-இல் கிப்சனின் கைக்கு வந்தது. இன்று ஸ்குவையரும் எபிஃபோனும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தயாராகின்றன. கோர்ட் என்ற பெயரில் கிட்டார் விற்கும் கொரிய நிறுவனமான கோர்-டெக், தன் இந்தோனேசியத் தொழிற்சாலையில் இபனெஸ், ஸ்குவையர், பி.ஆர்.எஸ். எஸ்.இ. ஆகியவற்றின் பல மாதிரிகளையும் ஒப்பந்தத்தில் செய்து கொடுத்திருக்கிறது. ஆகவே கடைக்காரர் கோர்ட்டை ‘பெயரில்லாத பிராண்ட்’ என்று ஒதுக்கினால், அதை நம்பி நீங்களும் ஒதுக்கிவிட வேண்டாம். பெரிய பெயர்களுக்கு வேலை செய்யும் அதே கைகள்தான் அதையும் செய்கின்றன.

பெயர்களைத் தாண்டிப் பார்த்தால், கடையில் தொங்குகிறவை பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கிய டெலிகாஸ்டர், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகியவற்றின் வழி வந்தது. மற்றது, 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால், அதன் பின் வந்த எஸ்.ஜி. ஆகியவற்றின் வழி வந்தது. முதல் குடும்பத்தில், தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் தந்தி அமரும் பிரிட்ஜ் வரை தந்தியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். இரண்டாவதில் ஏறத்தாழ 628. இருபது மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். அதே தடிமனுள்ள தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே ஃபெண்டர் அளவில் அது நூற்றுக்கு ஆறு பங்கு அதிகம். லெஸ் பால் வகையில் தந்தி விரலுக்கு மெத்தென்று இருப்பதும், ஸ்ட்ராட் வகையில் விறைப்பாக இருந்து ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அக்கூஸ்டிக்கில் தடித்த தந்திகளை அழுத்திப் பழகிய விரல்களுக்கு இரண்டுமே இலகுவாகத்தான் இருக்கும். விறைப்பைப் பற்றி உங்கள் மகள் கவலைப்பட வேண்டியதில்லை. எடையைப் பற்றிக் கவலைப்படலாம். லெஸ் பால் வகை நான்கு கிலோவைத் தொடும். ஒரு மணி நேர ஆராதனை முழுவதும் நின்று வாசிக்கிறவரின் தோள் அதை உணரும்.

அடுத்தது நெக், அதாவது விரல்கள் ஓடும் கழுத்து. ஃபெண்டர் வழியில் அது உடலோடு திருகாணிகளால் இணைக்கப்படுகிறது; கிப்சன் வழியில் பசையால் ஒட்டப்படுகிறது. கிப்சன் வழியில் இன்னொன்றும் உண்டு: தந்திகள் நட்டின் மேல் அழுத்தமாக அமர வேண்டும் என்பதற்காகக் கிட்டாரின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், கிப்சனில் இந்தச் சாய்வு வழக்கமாக 17 பாகை. நட்டுக்குச் சற்று மேலே நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் உலோகத் தண்டான டிரஸ் ராடின் முனைக்காக மரம் குடையப்பட்டிருப்பதால், நெக் முழுவதிலும் மிக மெலிந்த இடம் அதுவாகிவிடுகிறது. கிட்டார் மல்லாந்து விழுந்தால் முறிவது அங்கேதான். எபிஃபோனின் மிகக் குறைந்த விலை மாதிரிகள் சிலவற்றில் நெக்கைத் திருகாணியால் பொருத்தியிருந்தாலும் தலையின் சாய்வு மாறுவதில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவுகளில், மெல்லிய துணிப்பையில் சுற்றிய ஒரு கிட்டார் மேல்தட்டில் உருள்வதை நினைத்துப் பாருங்கள். முறிந்த தலையைப் பசை போட்டு ஒட்ட முடியும். நன்றாக ஒட்டினால் பல்லாண்டு நிற்கவும் செய்யும். ஆனாலும் முதல் கிட்டாருக்கு அந்த ஆபத்து எதற்கு? ஃபெண்டர் வழிக் கிட்டாரின் தலையில் சாய்வு இல்லை. நெக்கே கெட்டுப்போனாலும் நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடலாம். பழுதுபார்க்கிறவர் அருகில் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

பிக்கப் விஷயத்தில் மலைவீடுகளின் மின்சாரத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல ஆயிரம் சுற்றுச் செம்புக்கம்பி. தந்தியின் அசைவைப் பிடிப்பதைப் போலவே அறையில் உள்ள 50 ஹெர்ட்ஸ் மின்காந்தப் புலத்தையும் அது பிடித்து ‘ஊம்ம்’ என்று இரைக்கும். ஸ்ட்ராட், டெலி வகைகளின் சிங்கிள் காயில் பிக்கப்புகளில் இந்த இரைச்சல் இயல்பு. 1955-இல் கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர், எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரு காயில்களை எதிரெதிர்க் காந்த முனைகளோடு இணைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் தந்தியின் ஒலி மட்டும் கூடிவரவும் வழி செய்தார்; அதுதான் ஹம்பக்கர். சிங்கிள் காயிலின் தெளிவும் மினுக்கும் ஹம்பக்கரில் குறையும். பதிலுக்குக் கனமும் அமைதியும் கிடைக்கும். பழைய எஸ்டேட் வீடுகளிலும் சில சிற்றாலயங்களிலும் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது. அங்கே சிங்கிள் காயில் கிட்டாரை மட்டும் நம்பினால் ஜெப நேரத்து அமைதியில் ஸ்பீக்கர் இரைந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஒலிபெருக்கியான ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருப்பவை. எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் செருகிய ஆம்ப்பில் மின்கசிவு ஏற்பட்டால் தந்திக்கே மின்சாரம் வரும். ஒரு கை தந்தியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும். கிட்டார் வாங்கும் முன்பே ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டிலும் ஆலயத்திலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தச் சொல்லுங்கள். எந்தப் பிராண்டை வாங்குவது என்பதைவிட இது அவசரமானது.

பசிஃபிக்காவை நான் முன்னே வைப்பதற்கான காரணம் இப்போது தெளிவாகும். 1990-இல் வந்த இந்த வரிசையின் 012, 112 மாதிரிகளில் உடலும் நெக்கும் ஸ்ட்ராட் வழியைச் சேர்ந்தவை: 648 மில்லிமீட்டர் நீளம், திருகாணி நெக், சாய்வில்லாத தலை. ஆனால் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயில். பாடலுக்கு மெல்லிய கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசிப்பதற்கும், கிறிஸ்துமஸ் கேரல் மேடையில் கனமாக ஒலிப்பதற்கும் ஒரே கிட்டார் போதும். இன்னும் சற்று விலை கூடிய 112வி-யில் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கர் பாதியாகிச் சிங்கிள் காயிலாக ஒலிக்கும். விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் வளைவும் மிதமானது: பசிஃபிக்காவில் 350 மில்லிமீட்டர் ஆரம், இன்றைய ஃபெண்டரில் 241, கிப்சனில் 305, இபனெஸ் ஆர்.ஜி.யில் 400. ஆரம் சிறிதாக இருந்தால் கார்ட் பிடிக்கக் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் தந்தியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்டுகளில் (பலகையின் குறுக்கே பதித்த கம்பிகளில்) வளைத்து இழுத்தால் ஒலி அடைத்துக்கொள்ளும். ஆரம் பெரிதானால் வேக வாசிப்புக்கு ஏற்றது. கார்டிலிருந்து தனிச்சுர வாசிப்பான லீடுக்கு மெல்ல நகரப் போகிறவருக்கு இடைப்பட்ட வளைவே நல்லது.

ஸ்குவையரில் அஃபினிட்டி வரிசை நல்லது. கிளாசிக் வைப் இன்னும் நல்லது, ஆனால் உங்கள் தொகையை மீறிவிடும். ஸ்ட்ராட்டின் ஒலிதான் வேண்டும் என்று உங்கள் மகள் உறுதியாகச் சொன்னால் தயங்காமல் அதையே வாங்கலாம். மூன்று சிங்கிள் காயில் மாதிரியானால், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் அடங்குகிறதா என்று கடையிலேயே கேட்டுப் பாருங்கள். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால் அடங்கும்.

ஜப்பானின் நகோயாவைச் சேர்ந்த ஹோஷினோ காக்கி நிறுவனத்தின் இபனெஸுக்கு மெல்லிய நெக்கால் பெயர். 1987-இல் வந்த ஆர்.ஜி. வடிவம் உலகெங்கும் மெட்டல் வாசிப்பவர்களின் கையில் இருக்கிறது. ஜியோ வரிசையில் அதன் மலிவு வடிவம் கிடைக்கும். வாங்குவதானால் நிலையான பிரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள். ஃபிளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜில் தந்திகளின் இழுவிசையும் பின்புறச் சுருள்வில்லின் இழுவிசையும் சமநிலையில் நிற்கின்றன. ஒரு தந்தி அறுந்தாலோ, இரவுக்குளிரில் நெக் சற்றே அசைந்தாலோ, எல்லாத் தந்திகளும் சேர்ந்து சுருதி விலகும். தொடக்கத்தில் இது நம் குளிரோடு ஓயாத போராட்டமாகிவிடும். ஜாக்சன், எல்.டி.டி. பிராண்டுகளைப் பற்றியும் இதையே சொல்வேன். கொல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்கள் ஒரு தலைமுறைக்கே கிட்டாரை அறிமுகப்படுத்தியவை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் இந்தத் தொகையில் மேற்சொன்னவற்றைத்தான் பரிந்துரைப்பேன்.

இனி மலையின் விஷயம். பிராண்ட் ஒப்பீடுகளில் இது பெரும்பாலும் வருவதில்லை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து நிற்கும். அதன் பின் ஜனவரி, பிப்ரவரியில் பகல் காற்று சட்டென்று உலர்ந்துவிடுகிறது. ஊட்டியில் உறைபனி விழும் மாதங்கள் அவை. ஈரத்தில் மரம் ஊதும், வறட்சியில் சுருங்கும். ஃப்ரெட் கம்பியோ உலோகம், அது சுருங்குவதில்லை. விளைவைக் கண்ணால் பார்க்கலாம். சமவெளியிலிருந்து மழைக்காலத்தில் மேலே வந்த ஒரு புதுக் கிட்டாரை ஜனவரியில் என்னிடம் கொண்டுவந்தார்கள். நெக்கின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டினால் ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையும் ரம்பப் பல்லைப் போலக் கீறியது. அரம் போட்டு முனைகளை மழுக்கி, டிரஸ் ராடை ஒரு கால்சுற்றுத் திருப்பியதும் கிட்டார் சரியாகிவிட்டது. இது எந்தப் பிராண்டுக்கும் நேரக்கூடியது. மரத்தை நன்றாக உலர்த்திச் செய்தவற்றில் குறைவாக நேரும்.

ஃப்ரெட்போர்டு மரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். உலகின் கிட்டார்களில் பெருவழக்காக இருந்த ரோஸ்வுட், நம் ஈட்டி மரம்தான். கூடலூர்ப் பக்கம் வளரும் அதே டால்பெர்ஜியா லேட்டிஃபோலியா. 2017 ஜனவரியில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கை ரோஸ்வுட் இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு வந்தது. அந்த இடைவெளியில் மலிவு விலைக் கிட்டார்கள் பல வேறு மரங்களுக்கு மாறிவிட்டன. ஸ்குவையர், எபிஃபோன் விவரப் பட்டியல்களில் ‘இந்தியன் லாரல்’ என்று போட்டிருப்பது நம் காடுகளில் நிற்கும் கருமருது. அது ரோஸ்வுட்டைவிடத் தாழ்ந்தது என்று சொல்லி விலை பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிக்கப்பும் ஆம்ப்பும் விரலும்தான். இந்த இரண்டு மரங்களிலும் ஃப்ரெட்போர்டுக்குப் பூச்சு இருக்காது. ஆகவே ஈரத்தை விரைவாக வாங்கும், விரைவாக விடும். பூச்சு பூசிய மேப்பிள் ஃப்ரெட்போர்டு இதில் நிதானமானது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், நம் ஊர்களுக்கு மேப்பிளையே சொல்வேன்.

கோவைக்குப் போய் நேரில் வாங்குவதானால், ஆம்ப்பில் செருகும் முன்பே சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட் அருகில் தந்திக்கும் கம்பிக்கும் இடையே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நெக் சரியான வளைவில் இருக்கிறது. பெரிதாக இருந்தால் கடைக்காரரையே டிரஸ் ராடைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ராட் திரும்பவில்லை என்றால் அந்தக் கிட்டார் வேண்டாம். பின்பு ஒவ்வொரு தந்தியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக அழுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்; எங்கேயாவது ஒலி செத்துப்போனால் அந்த இடத்தில் ஒரு ஃப்ரெட் மேடேறியிருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியைத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் அழுத்தி எடுக்கும் சுரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். வேறுபட்டால் அது பிரிட்ஜில் தந்திகள் அமரும் சேணங்களை நகர்த்திச் சரிசெய்யக்கூடியதுதான், பயப்பட வேண்டாம். ட்யூனிங் கீயைத் திருப்பும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்தால் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. அதையும் எளிதில் சரிசெய்யலாம். ஆனால் நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் எந்தச் செட்டப்பும், அதாவது சரிசெய்யும் வேலையும், உதவாது. கிட்டாரைத் துப்பாக்கி பிடிப்பது போலப் பிடித்து, பிரிட்ஜ் பக்கமிருந்து நெக்கின் இரு ஓரங்களும் ஒரே தளத்தில் போகின்றனவா என்று பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால் திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றையெல்லாம் வீட்டிலேயே செய்துவிடுங்கள். பெட்டி வந்ததும் திறக்க வேண்டாம். வெயிலில் காய்ந்த லாரியிலிருந்து குளிர்ந்த அறைக்கு வந்த மரம் சில மணி நேரம் மூடியபடியே இருந்து பழகட்டும். இன்னொன்று: 30,000 ரூபாய்க்குக் ‘கிப்சன் லெஸ் பால்’ என்று யாராவது காட்டினால் அது போலிதான். அசல் கிப்சனின் டிரஸ் ராட் மூடியில் இரண்டு திருகாணிகள் இருக்கும்; போலிகளில் பெரும்பாலும் மூன்று. அதே நேரத்தில், உண்மையான பழைய கிட்டாரை ஒதுக்க வேண்டாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடுதிப் பள்ளிகளை விட்டுப் போகிறவர்கள் நல்ல கிட்டார்களைப் பாதி விலைக்கு விற்பதுண்டு. மேற்சொன்ன சோதனைகளில் தேறினால், அதே பணத்தில் ஒரு படி மேலான மாதிரி கைக்கு வரும்.

முழுத் தொகையையும் கிட்டாருக்கே செலவழித்துவிடாதீர்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதையாகிவிடும். கால் பங்கையாவது ஒலிபெருக்குவதற்கு ஒதுக்குங்கள். தேவாலயத்தில் இதுவரை அக்கூஸ்டிக்கை நேராக மிக்ஸரில் செருகியிருப்பார்கள். எலெக்ட்ரிக்கை அப்படிச் செருகினால் மெலிந்து, கூர்மையாக, தகரத்தைத் தட்டியது போல ஒலிக்கும். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் மேல் அலைவரிசைகளை மழுக்குவதால்தான் நாம் கேட்டுப் பழகிய எலெக்ட்ரிக் ஒலி பிறக்கிறது. மிக்ஸரின் லைன் இன்புட்டோ பிக்கப்பின் பலவீனமான சிக்னலை மேலும் நசுக்கிவிடும். ஆகவே பத்து, பதினைந்து வாட் ஆம்ப் ஒன்றை வாங்கி, ஆலயத்தில் அதன் முன் மைக் வைப்பது ஒரு வழி. ஆம்ப் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷன் உள்ள சிறிய மல்டி எஃபெக்ட் பெடல் ஒன்றை வாங்கி, ஆலயத்தில் மிக்ஸரிலும் வீட்டில் ஹெட்ஃபோனிலும் செருகுவது இன்னொரு வழி. பொதுத் தேர்வு ஆண்டை நோக்கிப் போகும் வீட்டுக்கு இரண்டாவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். இரவில் வாசித்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை.

மீதமிருக்கும் பணத்தில் பூச்சிட்ட தந்தி செட் ஒன்று வாங்குங்கள். சாதாரண நிக்கல் தந்தி நம் ஈரத்தில் விரைவாகத் துருப்பிடிக்கும். கிட்டார் உறைக்குள் வைக்கச் சிலிக்கா ஜெல் பைகளும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போதும்; முள் 45-க்கும் 55-க்கும் இடையில் நின்றால் நல்லது. கிட்டாரைக் கணப்புக்கு அருகிலோ, வெளிச்சுவரில் ஆணியடித்தோ மாட்ட வேண்டாம். உள்சுவர் ஓரம், உறைக்குள் இருக்கட்டும். ஃப்ரெட்போர்டு வறண்டு வெளிறினால் அதற்கென்று விற்கும் எலுமிச்சை எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் நீலகிரித் தைலம் இருக்கிறது என்பதற்காக அதைத் தடவிவிட வேண்டாம். ஸ்டிக்கர் பசையையே கரைக்கும் அது சில பூச்சுகளையும் இளக்கிவிடும். வாங்கி இரண்டு வாரம் மலைக்காற்றில் இருந்த பிறகு ஒருமுறை செட்டப் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை ஜனவரியில், காற்று உலர்ந்த பின்.